ஒரு வாய்க்கு ரெண்டு முழுங்கு

போன வருசம் ஆடி மாசம் என் மனைவிக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். குண்டா விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. முப்பத்தஞ்சு வருசம் விசைத்தறி ஓட்டிய காது. தண்ணீர் ஓடி வந்து என் காலில் பட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

சோமனூர் பக்கம் எங்கள் ஊர். கோயமுத்தூர் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். பதினோரு நாள். உயிர் தப்பிவிட்டது. கால் நடக்கும், கை பாதி வரும் என்றார்கள். பேச்சு போய்விட்டது. முழுங்கவும் வரவில்லை. தண்ணீர் கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குப் போனது. மூக்கு வழியாக ஒரு குழாய் விட்டு அதில் கஞ்சி ஊற்றினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்.

"மூக்குக் குழாயை ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாதுங்க. ரெண்டு மாசம் பாக்கலாம். அதுக்குள்ள வாய்ல முழுங்கிட்டாங்கன்னா சரி. இல்லீன்னா வயித்துல ஓட்டை போட்டு அங்க குழாய் வெச்சரலாம். அதுக்கப்பறம் வாய்ல சாப்பாடு எதிர்பார்க்க முடியாது."

அவள் படுத்திருந்தாள். எல்லாம் புரிந்தது. இடது கையால் என் சட்டையைப் பிடித்தாள். டாக்டர் போன பிறகும் விடவில்லை.

அவளுக்கு நாக்கு ருசி உண்டு. நான் வெறுமனே தின்கிறவன். ரசத்தில் சீரகம் கருகினாலும் எனக்குத் தெரியாது. அவளுக்கு அடுத்த வீட்டு ரசத்தில் கருகினாலே தெரியும்.

முழுங்கக் கற்றுக்கொடுக்க ஆசுபத்திரியில் ஒரு பெண் இருந்தது. எங்கள் மகள் வயசுதான். வாரம் ஒரு தரம் கூட்டி வரச் சொன்னது. முதல் நாள் என்னிடம்தான் கேட்டது.

"நீங்க எத்தன நேரத்துல சாப்புடுவீங்கய்யா?"

"அஞ்சு நிமிசமுங்க அம்மணி."

"அஞ்சா?"

"அவசரம்னா மூணு."

அது உண்மை. தறிக் குடோனில் ஆறு தறி ஓடும். எந்த நேரம் எதில் நூல் அறும் என்று தெரியாது. சோற்றுப் போசியைத் திறந்து வைத்து, நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்வோம். கண் துணி மேல் இருக்கும். என் மனைவியும் அதே குடோனில் தார் சுற்றினாள். தறிக்குப் போடுகிற நூல் கட்டைக்குத் தார் என்று பேர். அவளும் நின்றுதான் தின்றாள். வேலையை விட்டு மூன்று வருசம் ஆகியும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தப் பெண் ராகிக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி வைத்திருந்தது. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, கட்டியாகச் சறுக்கி விழ வேண்டும், அதுதான் பதம் என்றது. எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தது.

"அவங்க உங்களைப் பார்த்துத்தான் செய்வாங்க. நீங்க முதல்ல செஞ்சு காட்டுங்க."

ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். முழுங்கினேன்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்கய்யா."

என் மனைவிக்கு வாய் ஒரு பக்கம்தான் அசையும். அந்தப் பக்கம் சிரித்தது.

முறை இதுதான். நேராக உட்கார வேண்டும். டிவி இல்லை, போன் இல்லை, பேச்சு இல்லை. பாதி ஸ்பூன் வாயில் வைக்க வேண்டும். முகவாயை நெஞ்சுப் பக்கம் இறக்க வேண்டும். முழுங்க வேண்டும். வாய் காலியாக இருக்கும்போதே இன்னொரு தடவை முழுங்க வேண்டும். அப்புறம் 'ஆ' என்று சொல்ல வேண்டும். அந்த 'ஆ' தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு வாய்க்கு ரெண்டு முழுங்கு.

"அந்தச் சத்தத்தைக் காதுல கேக்கணுமுங்களா?" என்றேன்.

"ஆமாங்கய்யா, கேக்கணும்."

"எனக்குக் காது பத்தாதுங்க அம்மணி."

அது கொஞ்சம் யோசித்தது. என் கையைப் பிடித்து, ரெண்டு விரலை என் மனைவியின் தொண்டை மேல் வைத்தது. முழுங்கும்போது மேலே ஏறி இறங்குவது தெரிந்தது. 'ஆ' சொன்னால் விரலில் அதிர்ந்தது. தெளிவாக இருந்தால் ஒரே சீராக அதிரும். கொழகொழத்தால் விட்டுவிட்டு அதிரும். எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. காது போன தறிக்காரன் கையை வைத்துத்தான் தறியின் கோளாறு பார்ப்பான்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தோம். பசிக்குக் குழாயில் கஞ்சி. பழகுவதற்கு வாயில் கூழ். காலை பத்து ஸ்பூன், மத்தியானம் பத்து, சாயங்காலம் பத்து. முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்காருவோம். அவள் தொண்டையில் என் விரல் இருக்கும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்தில் பகலில் அவளை அத்தனை நேரம் தொட்டதில்லை.

முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடித்தது. பத்து ஸ்பூனுக்கு அரை மணி நேரம். கை பரபரக்கும். எழுந்து எதையாவது துடைக்கலாமா என்று இருக்கும். நான் நெளிந்தால் அவளும் நெளிவாள். உடனே இருமல் வரும். அதனால் நான் அடங்கி உட்கார வேண்டியதாயிற்று.

அடங்கி உட்கார்ந்த பிறகுதான் கூழ் என்ன என்றே தெரிந்தது. முதலில் மண் மாதிரி இருக்கும். உப்பு அப்புறம் வரும். ரெண்டாவது முழுங்கு முழுங்கின பிறகு அடி நாக்கில் ஒரு சின்னத் தித்திப்பு நிற்கும். இத்தனை வருசம் அது அங்கேயே இருந்திருக்கிறது. என் சோற்றையும் அப்படியே தின்ன ஆரம்பித்தேன். கத்திரிக்காயில் விதை இருப்பது அறுபத்திமூணு வயசில் நாக்குக்குத் தெரிந்தது.

தின்று முடித்ததும் அவள் வாயைச் சுத்தம் பண்ண வேண்டும். விரலில் துணி சுற்றி ஈறு, கன்னத்து உள்பக்கம் எல்லாம் துடைப்பேன். துளி மிச்சம் இருந்தாலும் பிறகு நெஞ்சுக்குப் போகும். ஆரம்பத்தில் கடித்துவிடுவாள். வேண்டுமென்றேதான் கடிக்கிறாள் என்று கொஞ்ச நாளில் தெரிந்தது.

அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார வேண்டும். வாசலில் ரெண்டு நாற்காலி போட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் புதுசு. தெருவில் வண்டி போகும், நாய் போகும். டிவிஎஸ்ஸில் நூல் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். அவளுக்குப் பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது அங்கேதான்.

"லாரி" என்பாள்.

"லாரிதான்."

"நாய்."

"நாய்தான்."

பேச்சு வந்தது, 'ங்க' வரவில்லை. எங்கள் பக்கம் ங்க இல்லாத பேச்சு உப்பில்லாத சோறு. அவளுக்கு அது ஒரு படி கூடவே உண்டு. என்னைத் திட்டும்போதுகூட, "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" என்றுதான் திட்டுவாள். ஒரு நாள் வாசலில் படுத்த நாயை, "அக்கட்டால போங்க" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இப்போது "வா." "போ." "எடு." அவ்வளவுதான். வாக்கியத்தின் வால் எல்லாம் அறுந்துபோயிருந்தது.

வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வந்திருந்தபோது திகைத்துவிட்டது.

"அம்மா, அப்பாவை வாங்கன்னு சொல்லும்மா. 'வா'ன்னு சொல்றியே."

"வா" என்றாள் இவள், என்னைப் பார்த்து, அழுத்தி.

"உடு கண்ணு. நல்லாத்தான் இருக்குது" என்றேன். நல்லாத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தி யாரோ ஒரு பிள்ளை கூப்பிடுவது போல இருந்தது.

ஒரு தரம் நான் வேலை பார்த்த குடோன் முதலாளி தெருவில் ஸ்கூட்டரில் போனார். "வா" என்று கூப்பிட்டுவிட்டாள். அவர் பிரேக் பிடித்துத் திரும்பினார்.

"ஏனுங்கக்கா, என்னையுங்களா?"

"ஆமா. வா."

வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அதற்கு முன்னால் அவர் எங்கள் வாசல் ஏறியதில்லை.

இப்படி மூன்று வாரம் நன்றாகப் போனது. பத்து ஸ்பூன் இருபது ஆனது. இருமல் குறைந்தது. நடுவில் நான் கெடுத்தேன்.

சம்பந்தியம்மா வந்தார்கள். மகளின் மாமியார். மனசு நல்ல மனசு. வெள்ளகோவிலிலிருந்து ரெண்டு பஸ் மாறி, பிளாஸ்க்கில் எருமைப் பால் காப்பி போட்டு எடுத்து வந்தார்கள். என் மனைவியைப் பார்த்ததும் அழுதார்கள். அப்புறம் டம்ளரில் ஊற்றினார்கள்.

"குழாய்ல ஊத்தறதெல்லாம் ஒடம்புல ஒட்டுமுங்களா? சூடா ஒரு வாய் குடிச்சாத்தானுங்க தெம்பு வரும்."

காப்பி தண்ணீராக இருக்கும். தண்ணீரைத்தான் கொடுக்கவே கூடாது என்று ஆசுபத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியும்.

நான் சொன்னது இதுதான். "இருக்கட்டுமுங்க."

எங்கள் பக்கம் ஒறம்பரையாக வந்தவர்கள் எதையாவது நீட்டினால் உடனே வாங்கக் கூடாது. முதலில் "இருக்கட்டுமுங்க" என்போம். அப்படியென்றால் கொடுங்க என்று அர்த்தம். அவர்களுக்கும் அப்படித்தான் கேட்டது.

"இருக்கட்டும்னு சொன்னா எப்புடீங்க? அத்தன தூரத்துல இருந்து கொண்டாந்திருக்கறேன்" என்று டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனார்கள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். இடது கையைத் தூக்கி மூடினாள். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது, கையால்தான் பேசுவோம். மூடின கை என்றால் தறியை நிறுத்து என்று அர்த்தம். முப்பது வருசம் அவள் கை மூடியதைப் பார்த்ததும் தறியை நிறுத்தியவன் நான். அன்றைக்குப் பார்த்தேன். சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது என்று நின்றுகொண்டிருந்தேன்.

அவளும் முகத்தைத் திருப்பவில்லை. வந்தவர்கள் மனசு நோகும் என்று குடித்துவிட்டாள். ரெண்டு மடக்கு.

ராத்திரி காய்ச்சல் வந்தது. விடியும்போது மூச்சு இழுத்தது. திரும்ப ஆசுபத்திரி. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. எட்டு நாள்.

"இனி பாக்க வேண்டாமுங்க" என்றார் டாக்டர். "வயித்துல வெச்சுட்டே ஊட்டுக்கு அனுப்பறேன்."

முழுங்கக் கற்றுக்கொடுக்கிற பெண் வந்தது. முகம் வாடியிருந்தது.

"யாருங்கய்யா குடுத்தது?"

"நான்தான்."

"நீங்க குடுத்திருக்க மாட்டீங்க."

"வேண்டாம்னு சொல்லலைங்க அம்மணி. ரெண்டும் ஒண்ணுதான்."

அது டாக்டரிடம் போய் ரொம்ப நேரம் பேசியது. திரும்பி வந்து, "மூணு வாரம் வாங்கிட்டு வந்திருக்கேன். இன்னொரு தடவை நெஞ்சுக்குப் போச்சுன்னா என்னால பேச முடியாது" என்றது.

என் மனைவி என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் நானே கேட்டேன். "ஏம்புள்ள, என் மேல கோவமில்லியா?"

யோசித்தாள். வார்த்தை தேடினாள். "பயம்" என்றாள்.

திரும்ப அஞ்சு ஸ்பூனிலிருந்து ஆரம்பித்தோம். பக்கத்து குடோனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் தறி நிற்கும். அந்த நேரம் பார்த்து உட்காருவோம். தரையில் அதிர்வு நின்றுவிடும். விரலுக்கு அவள் தொண்டை மட்டும் தெரியும். முகவாய் இறங்கும். ஒரு முழுங்கு. ரெண்டாவது முழுங்கு. 'ஆ'. வேறு எதுவும் நினைப்பில் இருக்காது. மகளின் நினைப்பு, டாக்டர் சொன்னது, மூணு வாரக் கெடு, எதுவும். அந்த ஸ்பூன் மட்டும்தான். நினைத்தால் கை தவறும். பயத்தில் ஆரம்பித்த பழக்கம்தான். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு நான் காலையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தேன். அவளும்தான். சேலையைச் சரி பண்ணிக்கொண்டு, தலையை வாரி விடு என்று சீப்பைக் காட்டுவாள்.

தலை வார எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். நுனியிலிருந்து சிக்கெடுக்க வேண்டும்.

ரெண்டாவது வாரம் சம்பந்தியம்மா மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை இளநீர். நாலு காய், சீவி, சொம்பில் ஊற்றி.

"இளநி ஒண்ணும் பண்ணாதுங்க. குளிர்ச்சி."

"வேண்டாமுங்க" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். "ஒரே ஒரு மடக்குத்தானுங்க."

"வேண்டாம்."

ங்க விழுந்துவிட்டது. நான் விடவேண்டுமென்று விடவில்லை. சம்பந்தியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அப்போது என் மனைவி சொன்னாள். "வேண்டா. கீழ வெய்யி."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். சொம்பைப் பார்த்தார்கள்.

"அட ஆத்தா. ரெண்டு பேருஞ் சேந்துட்டு என்னை வெரட்டறீங்களாக்கு? சரி, வெயில்ல வந்தது. நானே குடிச்சுப்போடறேன்."

சொம்போடு தூக்கிக் குடித்தார்கள். குடித்து முடித்து, வாயைத் துடைத்து, என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "எப்புடி முழுங்கறீங்கன்னு காட்டுங்க பாக்கலாம்" என்றார்கள். அன்றைக்கு மூன்று பேர் கூழ் தின்றோம். சம்பந்தியம்மா நடுவில் நாலு தரம் பேசினார்கள். நாலு தரமும் என் மனைவி இடது கையை மூடிக் காட்டினாள். போகும்போது வாசலில் நின்று, "இத்தன பொறுமையாத் தின்னா ஊட்டு வேலை என்னாகறதுங்க?" என்றார்கள். அப்புறம், "நல்லாத்தான் இருந்துச்சு. வாரேனுங்க" என்று கிளம்பினார்கள்.

அந்தக் காப்பி சங்கதியை அவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள். தப்பு உங்களுது இல்லீங்க. வருத்தப்பட வேண்டாம்.

மூணு வாரம் முடிந்து ஆசுபத்திரிக்குப் போனோம். அவளுக்கு மஞ்சள் சேலை கட்டிவிட்டேன். பஸ்ஸில் என் விரலைப் பிடித்து அவள் தொண்டையில் வைத்துக்கொண்டாள். எதிர் சீட்டில் இருந்த ஆள் வேடிக்கை பார்த்தான். பார்க்கட்டும்.

ஒரு கிண்ணம் கூழ், ஒரு கிண்ணம் குழைந்த சோறு. "பன்னெண்டு வாய். ஐயா தொடக் கூடாது. தள்ளி உக்காருங்க" என்றது அந்தப் பெண். டாக்டர் கதவோரம் நின்றார்.

தள்ளி உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. 'ஆ' எனக்குக் கேட்காது. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். நானும் கூடவே முகவாயை இறக்கி, வெறும் வாயில் முழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாய் சரியாகப் போனது. ஏழாவது சோறு. இருமினாள். முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் ஓரடி உள்ளே வந்தார். நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கய்யா" என்றது அந்தப் பெண். "இருமல் வர்றது நல்லதுதான். தொண்டை முழிச்சிருக்குதுன்னு அர்த்தம்."

என் மனைவி கண்ணை மூடினாள். மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டாள். முகவாய் இறங்கியது. முழுங்கினாள். கொஞ்சம் பொறுத்தாள். இன்னொரு தடவை முழுங்கினாள். 'ஆ' சொன்னாள் போல. அந்தப் பெண் தலையாட்டியது.

எட்டு. ஒன்பது. பத்து. பதினொண்ணு. பன்னெண்டு.

டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். ரெண்டு மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். அதன் பிறகு மூக்கில் இருந்த குழாயை உருவினார்கள். அத்தனை நீளம் உள்ளே இருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். மூக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டின இடம் வெள்ளையாக இருந்தது. தண்ணீர், காப்பி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். மற்றபடி வாயில்.

வீட்டுக்கு வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அரிசியும் பருப்பும் போட்டேன். சின்ன வெங்காயம், பூண்டு நசுக்கிப் போட்டு, ரெண்டு விசில் கூட விட்டு, கரண்டியால் மசித்து, மேலே நெய் விட்டேன். அவள் முறத்தைக் காட்டினாள், கல் பார்த்தாயா என்று. பார்த்தேன் என்றேன்.

ரெண்டு தட்டு. எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒரு வாய்க்கு ரெண்டு முழுங்கு. பூண்டு வந்தபோது அவள் நிறுத்தி, அதை நாக்கில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு உருட்டிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆனது. தட்டு காலி.

"உப்பு" என்றாள்.

"கூடிருச்சா?"

"கம்மி."

அப்புறம் தட்டை என் பக்கம் தள்ளினாள். "இன்னும்."

குக்கரில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இவ்வளவு தின்பாள் என்று நான் போடவில்லை. "இருபது நிமிசம் ஆகும் புள்ள" என்றேன்.

"செய்" என்றாள்.

அரிசி அளந்து களைந்தேன். அவள் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.